கலப்பின முகமும் பார்ப்பவர் மனமும்

அமெரிக்காவில் வெள்ளையர் ஒருவருக்கும் கறுப்பர் ஒருவருக்கும் பிறந்தவரைக் கறுப்பராகவே கொள்வது நெடுங்கால வழக்கம். அடிமை முறையில் வேரூன்றிய இவ்வழக்கைப் பின்னாளில் சட்டமும் உறுதிப்படுத்தியது. எட்டில் ஒரு பங்கே கறுப்பின வழியினரான ஹோமர் பிளெஸ்ஸி, 1892இல் லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வேற்றினக் கலப்பு சிறிதும் இல்லாதவரே வெள்ளையர் என்றது வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் தொல்குடிக் கலப்பு பதினாறில் ஒரு பங்குவரை இருப்போருக்கு அது விலக்களித்தது. தொல்குடிப் பெண்ணான போகஹாண்டஸின் வழிவந்தோர் என்று பெருமை பேசிய செல்வாக்குள்ள குடும்பங்கள் அம்மாநிலத்தில் இருந்ததே இவ்விலக்குக்குக் காரணம். குருதியைப் பற்றிய இக்கணக்கு உயிரியலில் அன்றி அதிகாரத்தில் பிறந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1967இல் லவ்விங் வழக்கின் தீர்ப்பு கலப்பு மணத் தடையை நீக்கியது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் ஒருவர் பல இனங்களைத் தமக்குரியனவாகக் குறிக்கலாம். சட்டம் மாறிய அளவுக்குப் பார்வை மாறவில்லை. டெஸ்டினி பீரியும் கேலன் போடன்ஹாசனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எந்த இனம் என்று தெளிவாகப் புலப்படாத முகங்கள் காட்டப்பட்டன. பெற்றோர் இருவேறு இனத்தவர் என்று அறிந்த பின்னும், உடனுக்குடன் விடை சொல்ல நேர்ந்தபோது, பங்கேற்றோர் அம்முகங்களைக் கறுப்பர் பக்கமே மிகுதியாகச் சேர்த்தனர். எண்ணிச் சொல்ல அவகாசம் கிடைத்தபோது கலப்பினத்தவர் என்ற விடை பெருகியது.

இதைக் கொண்டு நனவுநிலை நடுநிலையானது, நனவிலியே பழுதுற்றது என்று முடிவுகட்ட இயலாது. ஆர்னால்ட் ஹோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருநிலைகளிலும் இதே சாய்வு தென்பட்டது. கணினியில் சிறிது சிறிதாக மாற்றப்பட்ட முகம் வெள்ளையருடையதாகத் தோன்ற, அதில் வெள்ளையர் சாயல் பாதி இருந்தால் போதவில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஆசியக் கலப்பைவிடக் கறுப்பினக் கலப்புக்கு இவ்வெல்லை சற்று உயர்ந்தே இருந்தது.

வெறுப்பு இல்லாத மனத்திலும் இச்சாய்வு தோன்றலாம் என்பது ஜேமின் ஹால்பர்ஸ்டாட் குழுவினரின் விளக்கம். பெரும்பான்மையினர் முகங்களை முதலில் பழகியவர், சிறுபான்மையினரை வேறுபடுத்தும் கூறுகளில் பின்னர் கவனம் குவிக்கிறார். கலந்த முகத்திலும் அக்கூறுகளே முந்திக்கொண்டு கண்ணில் படுகின்றன. இவ்விளக்கம் வலுவானது, ஆயினும் முழுமையானதன்று. யார் முகம் முதலில் பழகும், யாருடையது பின்னர் பழகும் என்பதைக் குடியிருப்பும் பள்ளியும் தீர்மானிக்கின்றன. அவற்றை இனவாரியாகப் பிரித்துவைத்ததில் மேற்கண்டவை போன்ற சட்டங்களுக்கும் பங்குண்டு.

இடம் மாறினால் பார்வையும் மாறுகிறது. பிரேசிலில் 'பார்தா' என்னும் கலப்பு வகை கணக்கெடுப்பிலேயே உண்டு. 2022இல் மக்களில் 45.3 விழுக்காட்டினர் அதில் தம்மைச் சேர்த்துக்கொண்டனர். ஜமைக்கத் தந்தைக்கும் சென்னையில் பிறந்த தாய்க்கும் மகளான அமெரிக்க அரசியல்வாதி கமலா ஹாரிஸை அந்நாட்டினர் பலர் முதலில் கறுப்பினப் பெண்ணாகவே கண்டனர். தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருடைய தேர்தல் வெற்றிக்காகக் கோயிலில் வழிபாடு செய்தவர்களுக்கோ அவர் தங்கள் ஊர்ப் பெண்.