அலைமேல் எழுந்த தொழில்

ஓட்டப் பந்தயத்திற்குத் தடம் உண்டு. காற்பந்தாட்டத்திற்கு மைதானம் உண்டு. ஆடுகளமே கணந்தோறும் எழுந்து விழுந்து மறையும் விளையாட்டும் ஒன்றுண்டு. கடலலைமேற் பலகையேறிச் சறுக்கும் விளையாட்டே அது. அது வருவாய்தரும் தொழிலாக வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளில் அரசரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் இதனைப் பழங்காலந்தொட்டு ஆடிவந்தனர். கப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி 1779ஆம் ஆண்டில் இதனைக் கண்டு எழுதிவைத்தார். பின்னர் அந்நியர் கொணர்ந்த நோய்களால் அம்மக்களின் தொகை பெரிதும் குன்றிற்று; விளையாட்டும் நலிவுற்றது. 1898இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

நலிந்த கலையை உலகறியச் செய்தவர், 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் நீச்சலிலே தங்கப் பதக்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு ஆவார். 1914-15 கோடைகாலத்தில் அவர் சிட்னிக் கடற்கரையிலே செய்துகாட்டிய சறுக்கல் அவுஸ்திரேலிய இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1964இல் அந்நகரின் மான்லி கடற்கரையில் உலகப் போட்டி நடந்தபோது, ஆடவர், பெண்டிர் ஆகிய இரு பட்டங்களையும் அவுஸ்திரேலியரே பெற்றனர்.

ஆயினும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த போட்டிகளின் பரிசை நம்பி எவரும் வாழ்தல் இயலாது. 1976இல் ஹவாயைச் சேர்ந்த பிரெட் ஹெமிங்ஸ், ராண்டி ராரிக் ஆகிய இருவரும் பல நாட்டுப் போட்டிகளைப் புள்ளிமுறையால் ஒரே தொடராகப் பிணைத்தனர். அவ்வாண்டிற் போட்டி ஒன்றிலேனும் முதலிடம் பெறாத பீற்றர் டவுன்எண்ட், இடைவிடாது புள்ளிகள் சேர்த்து முதலாவது உலக வீரரானார்.

அதே காலத்திற் பெரும் பிணக்கொன்றும் மூண்டது. முந்திய குளிர்காலத்தில் ஹவாயிலே வெற்றிகள் குவித்த அவுஸ்திரேலிய இளைஞர் சிலர் அவற்றைப் பெருமையாகப் பறைசாற்றினர். தம் முன்னோரின் அலையில் வந்து தம்மையே தாழ்த்துவதாக ஹவாய் மக்கள் சினங்கொண்டனர். மீண்டும் அங்கு சென்ற பார்த்தலோமியு என்னும் வீரர் கடலிலேயே தாக்கப்பட்டார். வைமேயா குடாவின் உயிர்காப்பாளரான எடி ஐக்காவு என்னும் ஹவாயரே இரு தரப்பினரையும் கூட்டிச் சமாதானஞ் செய்துவைத்தார். அச்சமாதானம் இன்றேல், புதிய தொழில் முளையிலேயே கருகியிருக்கவுங் கூடும். 1978இல் பாய்க்கப்பல் ஒன்று கவிழ்ந்தபோது, தோழருக்கு உதவி தேடித் தம் பலகையிலேறிச் சென்ற ஐக்காவு மீண்டிலர்.

அதன்பின் தொழில் ஓங்கிற்று. அமெரிக்கரான கெலி சிலேற்றர் 1992 முதல் 2011 வரை 11 உலகப் பட்டங்களை வென்றார். 2019 முதல் உலகத் தொடரில் பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் ஒத்த பரிசு வழங்கப்படலாயிற்று. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இவ்விளையாட்டு இடம்பெற்றது. பெண்டிர்க்கான தங்கத்தை வென்ற கரிசா மூர் ஹவாயின் மகள். உலகத் தொடரில் ஹவாய்க் கொடியின்கீழ் ஆடிய அவர், ஒலிம்பிக்கிலே அமெரிக்கக் கொடியின்கீழ் ஆடினார்.

விளையாட்டை உலகுக்கு ஈந்த மக்களுக்கு ஒலிம்பிக் மேடையிலே தமக்கெனக் கொடியில்லை. பரிசுப் பணத்தைக் கணக்கிடும் வரலாறு இதனையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.