அஸ்பிரினும் கிருமியின் படைக்கலமும்

நெடுநாட் பழகிய மருந்தொன்றின் வரலாறு முடிந்துவிட்டதென்று கருதுதல் பொருந்தாது. தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் உலகெங்கும் உட்கொள்ளப்பட்ட அஸ்பிரினே இதற்குச் சான்றாகும்.

1763 ஆம் ஆண்டில் எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், உவில்லோ மரப்பட்டைத் தூளை ஏறக்குறைய 50 பேருக்குக் கொடுத்து, அது குளிர்காய்ச்சலைத் தணித்தமையை இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். அப்பட்டையின் கைப்புப்பொருளிலிருந்து 1838 இல் சலிசிலிக்கமிலம் பெறப்பட்டது. 1897 இல் ஜெர்மனியில் பெலிக்ஸ் ஹொவ்மன் அதனினின்றும் தூய அஸ்பிரினை ஆக்கினார். 1899 இல் அது விற்பனைக்கு வந்தது. உடலில் நோவையும் அழற்சியையும் தூண்டும் புரொஸ்ரகிளாண்டின்கள் உண்டாவதை இம்மருந்து தடுக்கின்றதென்பதை 1971 இல் ஜோன் வேன் நிறுவினார். இங்ஙனம் அதன் வினை நோயாளியின் உடல்மீதே நிகழ்வதென விளங்கிற்று.

எனினும், நோய் செய்யும் கிருமியையும் அது மாற்றுமோ என்னும் வினா எஞ்சி நின்றது. ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு என்னும் பற்றீரியா இருதய வால்வுகளைப் பற்றிக் கொடிய நோயை விளைப்பது. பைபிரோனெக்ரின் என்னும் புரதத்தைப் பிணிக்கும் ஆற்றலே அது கலங்களில் ஒட்டவும் அவற்றினுட் புகவும் பாலமாகின்றது. அது சுரக்கும் அல்பா நஞ்சோ கலங்களைச் சிதைப்பது. அஸ்பிரின் உடலிற் சென்று சலிசிலிக்கமிலமாக மாறுகின்றது. அவ்வமிலம் இவ்விரு படைக்கலங்களையும் ஆளும் மரபணுக்களை அடக்கி, கிருமியைக் கொல்லாமலே அதன் தாக்குந்திறனைக் குறைக்கின்றதென்று 2003 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். முயல்களிலும் நோய் தணிந்தது.

ஆயின், இதற்கு மறுபக்கமும் உண்டு. குடல்வாழ் எசரிச்சியா கோலி என்னும் பற்றீரியா, சலிசிலிக்கமிலத்தின் உப்பு கலந்த ஊடகத்தில் வளருங்கால், குளோரம்பெனிக்கோல் முதலாய மருந்துகளை எதிர்த்து நிற்கும் வலிமை பெறுகின்றதென்பது 1985 இலேயே காட்டப்பட்டிருந்தது. மருந்து நுழையும் துளைகளைக் குறைத்தும், நுழைந்ததை வெளியேற்றும் பம்பிகளைப் பெருக்கியும் அக்கிருமி தன்னைக் காத்துக்கொள்கின்றது. ஒரு கிருமியின் வாளை மழுக்கும் பொருளே மற்றொன்றின் கையிற் கேடயத்தைக் கொடுக்கின்றது!

மனிதரிடத்து நிகழ்ந்த சோதனையும் நம்பிக்கைக்கு இசையவில்லை. இருதய வால்வு நோயுற்ற 115 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2003 இல் வெளிவந்தது. நாள்தோறும் 325 மில்லிகிராம் அஸ்பிரின் உண்டோரிடத்து, குருதிக்கட்டிகள் பெயர்ந்து சென்று குழாய்களை அடைத்தல் குறைந்திலது. இரத்தக்கசிவு மிகும் போக்கே தோன்றிற்று.

ஆய்வுகூடத்தில் மெய்யாயது நோயாளியின் படுக்கையருகே பயனாதல் வேறு. அவ்விடைவெளியைப் பொறுமையுடன் அளந்தறிவதே மருத்துவ வரலாறு மாணவர்க்குப் புகட்டும் பாடமாகும்.