தக்ளியும் கருவேல முள்ளும்

பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை, "நாளைக்குள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும்" என்கிறது. தந்தை கடைக்கு விரைந்து சார்ட் தாளும் அச்சிட்ட படங்களும் வாங்கி வருகிறார். தாய் இரவு வெகுநேரம் கண்விழித்து அவற்றை வெட்டி ஒட்டுகிறார். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. அட்டை அழகாக அமைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் குழந்தை கற்றது யாது? இந்தக் கேள்வியை நம் நாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கேட்டு வருகிறது. அந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது இன்றைய பெற்றோர்க்குப் பயன்தரும்.

செய்து கற்றல் என்னும் கருத்தை மேலைநாட்டில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி. அவர் 1896-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய கருத்துகளைப் பின்பற்றிய கில்பாட்ரிக், 1918-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் வாயிலாகச் 'செயல்திட்ட முறை' என்னும் பெயரை உலகறியச் செய்தார். ஒரு நோக்கத்தை மனமார ஏற்று, அதனை நிறைவேற்றும் முயற்சியினூடே கல்வி பெறுவதே அம்முறையின் சாரம்.

அக்காற்று விரைவிலேயே நம் நாட்டிலும் வீசிற்று. பஞ்சாபில் மோகா என்னும் ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், 1920-களில், வீடு, வயல், கடை முதலிய கிராம வாழ்க்கைப் பொருள்களை நடுவில் வைத்துப் பாடங்கள் அமைக்கப்பட்டன. வங்கத்தில் இரவீந்திரநாத தாகூர், 1922-இல் ஸ்ரீநிகேதனத்தில் கிராமச் சீரமைப்புப் பணியைத் தொடங்கினார். அதில் ஆங்கிலேயராகிய எல்ம்ஹர்ஸ்ட் அவருக்குத் துணைநின்றார். 1924-இல் ஏழைக் குழந்தைகளுக்காகச் சிக்ஷா சத்திரம் என்னும் பள்ளி தோன்றிற்று. தோட்டம், நெசவு, சமையல் ஆகியவை அங்கே பாடங்களாயின.

இவையெல்லாம் சிறு விளக்குகள். நாடு முழுவதற்கும் பொருந்தும் திட்டமாக இக்கருத்தை வளர்த்தவர் காந்தியடிகள். அதற்கு ஒரு நெருக்கடியும் காரணமாயிற்று. 1937-இல் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பொறுப்பேற்றன. மதுவிலக்கு அவற்றின் குறிக்கோள். பள்ளிகளை நடத்தும் பணமோ பெரும்பாலும் கள், சாராய வரியிலிருந்து வந்தது. குடியை ஒழித்தால் கல்விக்குப் பணமில்லை. கல்வியைக் காத்தால் குடி நிலைத்திருக்கும். இந்தச் சிக்கலிலிருந்து விடுபட, குழந்தைகள் ஒரு கைத்தொழிலின் வாயிலாகக் கற்கட்டும், அத்தொழிலின் வருவாய் ஆசிரியர் ஊதியத்திற்கு உதவட்டும் என்றார் காந்தியடிகள்.

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கல்வியாளர் மாநாடு கூடிற்று. டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழு, டிசம்பர் மாதத்திலேயே தன் அறிக்கையை அளித்தது. ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழி வாயிலாகப் போதனை, கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடத்திட்டம் ஆகியவை அதன் அடிப்படைகள். நாளொன்றுக்கு 5 மணி 30 நிமிடப் பள்ளி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாடு இத்திட்டத்தின் அடிப்படைகளை ஏற்றது. இதுவே 'நயீ தாலீம்' என்றும், தமிழில் ஆதாரக் கல்வி என்றும் வழங்கலாயிற்று.

இம்முயற்சியில் தமிழர்க்கும் பங்குண்டு. குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். அமைப்பாளராகப் பணியாற்றிய ஆரியநாயகம், யாழ்ப்பாணத்திலிருந்து சாந்திநிகேதனம் சென்று, தாகூருடன் பணிபுரிந்து, பின் வார்தாவுக்கு வந்தவர். அவருடைய துணைவியார் ஆஷாதேவி வங்கப் பெண்மணி. அவ்விருவரும் சேவாகிராமத்துப் பள்ளியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர். பிறந்த மண்ணை விட்டுச் சென்றவர் சென்ற மண்ணுக்கு ஆற்றக்கூடிய தொண்டுக்கு ஆரியநாயகத்தின் வாழ்க்கை ஒரு சான்று.

அப்பள்ளிகளில் பாடம் எவ்வாறு நடந்தது? தக்ளியையே எடுத்துக்கொள்வோம். குழந்தை நூற்ற நூலைச் சுற்றி எண்ணுகிறது. ஒரு சுற்று நான்கு அடி. 640 சுற்றுகள் சேர்ந்தால் ஒரு சிட்டம். அவ்வாறாயின் ஒரு சிட்டத்தின் நீளம் 2,560 அடி. ஒரு வேட்டிக்கு எத்தனை சிட்டம் வேண்டும்? வகுப்பு முழுவதும் நூற்றால் எத்தனை நாளாகும்? இங்கே பெருக்கலும் வகுத்தலும் தேவையிலிருந்து பிறக்கின்றன. பருத்தி கரிசல் மண்ணில் ஏன் செழிக்கிறது என்று கேட்டால் நிலநூலும், லங்காஷயர் ஆலைத்துணி வந்தபின் நம் கைநூற்பு ஏன் நலிந்தது என்று கேட்டால் வரலாறும் வந்து சேர்கின்றன. தொழிலோடு பாடத்தை இயைக்கும் இவ்வாற்றலே அக்கல்வியின் உயிர்.

அவ்வுயிர் பல இடங்களில் நிலைக்கவில்லை. விடுதலைக்குப் பின் ஆதாரக் கல்வி அரசின் கொள்கையாயிற்று; பல தொடக்கப் பள்ளிகள் அப்பெயரைச் சூடின. ஆனால் தக்ளி சுழன்ற நேரத்தில் கேள்வி எழவில்லை. நூற்பு ஒரு மணி, கணக்கு ஒரு மணி என்று இரண்டும் தனித்தனியே நின்றன. இயைத்துக் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியர் பலருக்குக் கிட்டவில்லை. உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் வாயில் பழைய தேர்வாகவே இருந்தது. ஆகவே, வசதியுடையோர் ஏட்டுப் பள்ளியை நாடினர். ஏழையின் குழந்தைக்கு இராட்டை மிஞ்சிற்று.

இன்னோர் ஐயமும் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது. 1953-இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தார். அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறிப் பலர் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இது வார்தாத் திட்டத்தினின்று வேறானது. ஆயினும் அவ்வெதிர்ப்பு உணர்த்திய பாடம் பெரிது. எல்லாக் குழந்தைகளும் ஒரே தொழிலை ஒரே கூரையின் கீழ்ச் செய்தால் அது கல்வி. இன்னார் பிள்ளைக்கு இன்ன தொழில் என்று பிறப்பு வகுத்தால் அது விலங்கு. கைவேலை வழிக் கல்வியைப் புகழ்வோர் எவரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு, 'வேலை அனுபவம்' என்னும் பெயரால் இக்கருத்துக்குப் புத்துயிர் அளிக்க முயன்றது. எனினும், அதன்பின் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க சோதனை ஒன்று மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பிறந்தது.

1972-இல் அம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர் கிராம மையம் ஆகிய இரு தன்னார்வ நிறுவனங்கள் புதிய அறிவியல் கல்வியைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் அறிஞர்கள் வந்து கிராம ஆசிரியர்களோடு அமர்ந்தனர். 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982-இல் ஏகலவ்யா நிறுவனம் தோன்றி அதனைப் பேணியது. அங்கே விலையுயர்ந்த ஆய்வுக்கருவிகள் இல்லை. பூவைப் பிரித்துப் பார்க்கக் கருவேல முள்ளே ஊசியாயிற்று. மாணவர் குழுக்களாகச் சோதனை செய்து, தாம் கண்டதைத் தாமே எழுதினர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. ஆதாரக் கல்வியை நலிவித்த பழைய தேர்வு என்னும் தடையை இவர்கள் இவ்வாறு நீக்கினர். மாநில அரசு 2002-இல் அத்திட்டத்தை நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது வருந்தத்தக்கதே.

தக்ளிக்கும் கருவேல முள்ளுக்கும் பொதுவானது என்ன? இரண்டும் மலிவானவை, இரண்டும் குழந்தையின் கையில் இருந்தவை. ஆனால் பொருள் மட்டும் கற்பித்துவிடாது. அதனைக் கையாளும்போது குழந்தையின் உள்ளத்தில் ஒரு வினா எழ வேண்டும். அவ்வினாவை மதிக்கும் ஆசிரியர் வேண்டும். அம்மதிப்பைத் தேர்வும் ஏற்க வேண்டும். இம்மூன்றும் கூடியவிடத்தில் செயல்வழிக் கல்வி தழைத்தது. ஒன்று குறைந்தவிடத்தில் அது சடங்காயிற்று. இன்று கடையில் வாங்கி ஒட்டும் அட்டையும் அச்சடங்கின் புதிய உருவமே.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பழகிக் கற்க வழிவகுக்கிறது. அது பலிக்குமா என்பது பள்ளிகளை மட்டும் பொறுத்ததன்று. வீட்டாரும் துணைசெய்ய வேண்டும். சிறு குழந்தை சமையலறையில் பயறு முளைகட்டும் நாள்களை எண்ணி, முளையின் நீளத்தை நாள்தோறும் அளக்கலாம். நடுநிலை வகுப்பு மாணவன் வீட்டில் ஒரு மாதம் செலவாகும் தண்ணீரைக் கணக்கிட்டு, அது எந்த ஆற்றிலிருந்து அல்லது ஏரியிலிருந்து வருகிறது என்று தேடலாம். உயர்நிலை வகுப்பு மாணவி காய்கறிச் சந்தையின் விலையை வாரந்தோறும் குறித்து வரைபடமாக்கி, ஏற்ற இறக்கத்தின் காரணத்தை வியாபாரியிடமே கேட்டறியலாம்.

வெளிமாநிலத் தமிழர்க்கு மட்டுமே வாய்த்த செயல்திட்டமும் ஒன்றுண்டு. நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த ரயிலில், எந்த வேலையை நாடி இங்கு வந்தது? முதலில் யார் வந்தார்? இதனைக் குழந்தை தன் பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்டு முதலில் தமிழில் எழுதட்டும். பிறகு பள்ளியின் மொழியில் எழுதி வகுப்பில் படிக்கட்டும். வரலாறும் நிலநூலும் மொழியும் அதில் ஒருங்கே அமையும். தாய்மொழி வாயிலாகக் கற்க வேண்டும் என்ற வார்தாக் குழுவின் விருப்பமும், நாம் இருக்குமிடத்தில், வீட்டளவிலேனும் நிறைவேறும்.

அடுத்தமுறை குழந்தை ப்ராஜெக்ட் என்று சொல்லி வந்து நிற்கும்போது, கடைக்குப் புறப்படுமுன், "உனக்கு இதில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.