முறையும் முன்னுரிமையும்: மேலூர் முதல் தேனி வரை கம்பியில்லா இணைப்பின் வரலாறு

பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் முறை வைப்பார்கள். இந்த மடைக்கு இத்தனை நாள் என்று தீர்ந்த பிறகுதான் எந்த வயலுக்கு அவசரம் என்ற பேச்சு எடுபடும். கம்பியில்லா வலையமைப்பில் எந்தத் தரவை முந்தவிடுவது என்ற கேள்வியும் மதுரை வட்டாரத்தில் இதே வரிசையில்தான் தீர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' திட்டத்தின் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றை இணைத்தது சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆனால் அது டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தரத்தைப் பின்பற்றியது. 10 மில்லிநொடிச் சட்டகம் ஒன்றை 24 துண்டுகளாகப் பிரித்து, ஓர் அழைப்புக்குக் கொடுத்த துண்டை அழைப்பு முடியும்வரை வேறு யாருக்கும் விடாது. அதாவது முறை பிறவியிலேயே இருந்தது. மையத்தில் எடுத்த கண் படங்கள் மின்னஞ்சலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயின. படம் சற்றுத் தாமதமாகச் சேர்ந்தாலும் குற்றமில்லை என்பதால் முன்னுரிமைக்குத் தேவையே எழவில்லை.

மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றபோது நிலைமை மாறியது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த், 1985இல் தேனியிலும் கிளை கண்டிருந்தது. தேனியைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களை அந்தக் கிளையோடு காணொளியில் இணைக்கும் பணியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு மருத்துவமனையோடு கைகோத்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசு, வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று விலக்களித்தது; வைஃபை கருவிகளும் மலிவு என்பதால் இணைப்புக்கு அதுவே தேர்வானது. போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி என இணைப்புகள் 1 கி.மீ. முதல் 15 கி.மீ. வரை நீண்டன.

இடர் அங்கேதான். வைஃபை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஆனது. பேசுமுன் காற்றைக் கேட்டுப் பார், யாரும் பேசவில்லையென்றால் பேசு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திரு என்பது அதன் விதி. 15 கி.மீ. தொலைவைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோநொடி, திரும்ப இன்னொரு 50. பதில் வருமுன்னே, தொலைந்துவிட்டதென்று கருவி அதே தரவுப் பொதியை மறுபடி அனுப்பிவிடும். எதிர்முனை பேசத் தொடங்கியதும் இந்த முனைக்கு உரிய நேரத்தில் கேட்காது. முதலில் கவனிக்க வேண்டியது காணொளி முந்துவதை அல்ல, இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பேசுவதைத்தான்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005இல் வெளியிட்ட '2பி' நெறிமுறை, நெடுந்தொலைவு வைஃபையில் அனுப்புவதற்கும் பெறுவதற்கும் நேரம் பிரித்துக் கொடுத்தது. பெர்க்லி குழு 2007இல் வெளியிட்ட 'வைல்ட்நெட்' இந்த எண்ணத்தை மேலும் வளர்த்தது. ஒவ்வொரு பொதிக்கும் தனிப் பதில் கேட்காமல் மொத்தமாகப் பதில் கேட்டது, இழப்பைத் திருத்தும் உபரித் தரவையும் சேர்த்தனுப்பியது. தரவோட்டம் 2 முதல் 5 மடங்கு பெருகியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மேலூரில் கார்டெக்டோடு வந்த முறையைத் தேனியில் வைஃபைக்கு மென்பொருளால் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றின் திருப்பமாக நான் கருதுவது இதைத்தான்.

இதே ஆண்டுகளில் முன்னுரிமைக்கான பொதுத் தரமும் வந்தது. 2004இல் வைஃபை கூட்டமைப்பின் டபிள்யூ.எம்.எம்., 2005இல் 802.11 இ. குரல், காணொளி, சாதாரணம், பின்புலம் என்று நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் குலுக்கிப் போட்ட எண்ணளவு காத்திருந்துதான் பேசலாம். வழக்கமான அமைப்பில் குரலுக்கு அந்த எண் முதல் முயற்சியில் 3ஐத் தாண்டாது, காணொளிக்கு 7, சாதாரணத் தரவுக்கு 15. ஆகவே இது வாய்ப்பைக் கூட்டும் ஏற்பாடே தவிர உறுதிமொழி அல்ல. ரூட்டரில் இதை 'இயக்கு' என்று வைத்தால் மட்டும் போதாது. அனுப்பும் கருவி பொதியில் தன் வகையைக் குறித்திருக்க வேண்டும். குரலுக்கு வழங்கும் குறியெண் 46. நெரிசல் உண்டாகும் இடம் வைஃபை அல்லாமல் வெளியே போகும் இணைய இணைப்பாக இருந்தால், வைஃபையில் வைத்த முன்னுரிமை பயன் தராது. அப்போது ரூட்டரின் பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, வரிசை ரூட்டருக்குள்ளேயே நிற்கும்படி செய்ய வேண்டும். நெருக்கும் மடையில் நின்றால்தான் நீர்க்கட்டியால் தண்ணீரைப் பங்கிட முடியும்.

2008இல் பெர்க்லி குழு வெளியிட்ட கட்டுரை தேனியின் இன்னொரு பாடத்தைப் பதிந்தது. கிராமத்து மின்சாரம் அடிக்கடி போய்வந்து, ரூட்டரின் நினைவக அட்டைகளைக் கெடுத்தது. அட்டையோடு ரூட்டரில் வைத்த அமைப்புகளும் போய்விடும். படிக்க மட்டும் முடியும்படி அட்டையைப் பூட்டி வைத்ததும், கோபுரம் ஏறிப் பார்க்கும் வேலையை மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளர்களே கற்றுக்கொண்டதும்தான் இணைப்பைத் தொடர்ந்து உயிரோடு வைத்தன.