வீட்டுப் படியேறிய மருத்துவம்

எலும்புருக்கி நோய் என்ற சொல்லே குடும்பங்களை நடுங்கவைத்த காலம் ஒன்றிருந்தது. நல்ல காற்று, சத்துணவு, முழு ஓய்வு ஆகியவற்றோடு சானடோரியத்தில் நெடுநாள் தங்கினாலன்றி நலம்பெற இயலாது என்பதே அன்றைய மருத்துவ மரபு. படுக்கைகளோ சில, நோயாளிகளோ இலட்சக்கணக்கில்! இடம் கிடைக்காத ஏழைக்கு வழி என்ன?

இக்கேள்விக்கு விடைகாண 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். 193 நோயாளிகள் எவருடைய விருப்புக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறுபிரிவினர் தம் எளிய வீடுகளிலும், ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டுக்காலம் உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. உணவும் ஓய்வும் குறைந்திருந்தும் வீட்டில் இருந்தோர் ஏறக்குறைய மற்றவர்க்கு ஈடாகவே நலம்பெற்றிருந்தனர். அவர்களுடைய குடும்பத்தாரிடம் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெளிவாயிற்று.

இம்முடிவைப் பலர் அறிவர். அதை ஈட்டித்தந்த பணியாளர்கள் அடைந்த வளர்ச்சியையோ நாம் அதிகம் எண்ணிப்பார்ப்பதில்லை. செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஆய்வகத்தார் சளியில் கிருமியைத் தேடியதோடு, அதனை வளர்த்து, எம்மருந்துக்கு அது அடங்கும் என்றும் கண்டனர். விருப்பு வெறுப்பு கலவாமல் பார்ப்பதும், பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவதும் அவர்களுக்கு அன்றாடப் பயிற்சியாயின.

அப்பயிற்சி கசப்பான உண்மை ஒன்றையும் காட்டிற்று. "மருந்து சாப்பிட்டேன்" என்றவர் சிலரின் சிறுநீரில் மருந்தின் சுவடே இல்லை! நோயாளியைக் கடிந்து அனுப்பிவிடுவது எளிது. ஆய்வு வேறு கேள்வியை எழுப்பியது: நம் சிகிச்சைமுறையில் குறை எங்கே? இதன் பயனாக, பணியாளர் முன்னிலையிலேயே வாரம் இருமுறை மருந்தளிக்கும் முறை அங்கு ஆராயப்பட்டு, 1964-இல் அதன் முடிவும் வெளிவந்தது. 1990-களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு வித்து.

ஏழையை ஆய்வுக்கு உட்படுத்துவது அறமா என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே, எழவும் வேண்டும். அவரை வெறும் எண்ணாகக் கருதும் ஆய்வு அறமன்று. அவருடைய வாசல்வரை சென்று, அவர் நிலையிலிருந்து கற்கும் ஆய்வோ, அவரைக் குணமாக்குவதோடு பணியாளரையும் செம்மையாக்குகிறது. மருத்துவப் பணிக்குக் கனிவு மட்டும் போதாது. தன் கணிப்பையே சோதித்துப் பார்க்கும் தாழ்மையும் வேண்டும். நம் மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் பணியாற்றுவோருக்கு இத்தாழ்மையைக் கற்க நாம் வாய்ப்பளிக்கிறோமா?