‘பிரீ’ என்ற சொல் வந்த வழி

நாம் நாள்தோறும் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம். இரண்டு சவர்க்காரம் வாங்கினால் ஒன்று ‘பிரீ’ என்கிறார் கடைக்காரர். “ஞாயிற்றுக்கிழமை பிரீயா அண்ணே?” என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கிறோம். நாடு அந்நியர் ஆட்சியிலிருந்து மீண்டாலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தமிழில் இலவசம் வேறு, ஓய்வு வேறு, விடுதலை வேறு. ஆங்கிலேயர் இம்மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

இச்சொல்லின் வேருக்கு ‘அன்பு கொள்ளுதல்’ என்பதே பொருள் என்கின்றனர் மொழிநூலார். வடமொழியில் ‘பிரிய’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததே. பிள்ளைமேல் பிரியம் என்று நம் பாட்டிமார் சொல்லும் பிரியந்தான் அது! நண்பனைக் குறிக்கும் ‘பிரெண்ட்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே.

அன்புக்கும் விடுதலைக்கும் என்ன உறவு? பழங்காலத்து வீட்டில் தலைவனின் உற்றார் உறவினரும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். பிரியமானவர் என்றால் அடிமையல்லாதவர் என்று பொருள் மெல்ல நகர்ந்தது என்பது அறிஞர் கருத்து. இலத்தீன் மொழியிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே அடிமையல்லாதவர்களைக் குறித்த சொல்லே வீட்டுப் பிள்ளைகளையும் குறித்தது.

பிறகு, ஒரு சுமையிலிருந்து நீங்கியது எதுவானாலும் ‘பிரீ’ ஆயிற்று. விலை என்ற சுமை நீங்கிய பொருளை அப்படிச் சொல்வது 16-ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கு. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியபோது, வணிகரை இழுக்க அதைச் சுங்கவரி இல்லாத துறைமுகம் ஆக்கினார். அங்கே ‘பிரீ’யாக இருந்தது சரக்கு.

அதே பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கிய நம் முன்னோரின் கதை வேறு. ஒப்பந்தக் கூலியாக வந்தவர், கப்பல் செலவுக் கடனைத் தலையில் சுமந்துகொண்டே வந்தார். குறித்த காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடினால் அது குற்றம். சிறைக்கும் போகவேண்டி வரும். ஒப்பந்தம் எழுதாமல் கங்காணியோடு வந்தவரையோ அரசாங்க ஏடுகள் ‘பிரீ’ தொழிலாளி என்றே எழுதின. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் அவர் கணக்கில் ஏறி, சம்பளத்தில் கழிந்ததை அந்தச் சொல் காட்டவில்லை. ஏட்டில் விடுதலை, கணக்கில் கடன்!

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. இப்போதுதான் ‘பிரீ’ டிக்கெட்டு வந்தது. இங்கே அதன் பொருள் இலவசம். ஆனால் பயணச் செலவு கடனாக ஏறாததால் கொஞ்சம் விடுதலையும் அதோடு கலந்தே வந்தது என்று நாம் எண்ணுகிறோம். 1910-இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நின்றது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்துக்குப் போகும் உரிமை சட்டத்தில் இருந்தது. லயத்து வீடும் கடைக்கடனும் காலைக் கட்டிப்போட்டதால், அந்த உரிமையை எல்லாரும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் இப்படி உதவிப் பணத்தில் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. ‘பிரீ’ டிக்கெட்டும் அத்தோடு போயிற்று.

1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் ‘பிரீ டிரேட் சோன்’ திறந்தபோது இச்சொல் மறுபடியும் நம் காதில் விழுந்தது. அங்கும் சுங்கவரி நீங்கியது சரக்குக்குத்தான். வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குள் வாசலில் நிற்கவேண்டியிருந்தது.