பெயர் கூப்பிடும் குரல்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், சுங்கை பஞ்சாங்கிலிருந்து தெற்கே தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் சாலையில் முதலில் நெல்வயலும் பின்னர் செம்பனையும் கண்ணில் படுகின்றன. அச்செம்பனை நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களான பால்மரக் காடுகள் இருந்தன. அக்காடுகளில் நம்மவரான தமிழ்த் தொழிலாளர் செவியில் நாள்தோறும் முதலில் விழுந்தது, விடியுமுன் ‘பெரட்டு’ என்னும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கூப்பிட்ட கிராணியின், அதாவது தோட்டக் குமாஸ்தாவின், குரல். அதற்கு ஆஜர் சொல்வதைத் தவிர வேறு பேச்சுக்குத் தொழிலாளிக்கு இடம் வகுக்கப்படவில்லை. தோட்டம் தனிச்சொத்தாகையால், தோட்ட நிர்வாகியான துரையின் உத்தரவின்றி வெளியார் உள்ளே வந்து கூட்டம் போடவும் இயலாது.

இந்நிலையில், கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் உதவி ஆசிரியரான ஆர். எச். நாதன், மேசையை விட்டெழுந்து கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் நடுவே பிரசங்கம் செய்யப் புறப்பட்டதை நான் சாமானியமான காரியமாகக் கருதவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டுப் பழகிய அந்த ஜனங்களுக்கு, எழுதுகிறவரே எதிரில் நின்று பேசியது பத்திரிகையின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பினப் பேச்சாளர் பிரெடரிக் டக்ளஸ் 1847-இல் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையைத் தொடங்கியதும், ‘குடி அரசு’ நடத்திய பெரியார் 1929-இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியதும் இந்த மரபைச் சேர்ந்தவையே.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. முன்கம்பியில் குழந்தையை உட்கார்த்தி மிதித்து வரும் தகப்பன், எதிரே துரையைக் கண்டதும் காலை ஊன்றி இறங்கி, குழந்தையோடு வண்டியையும் பிடித்தபடி ஓரமாக நிற்க வேண்டியிருந்ததை நினைத்துப் பார்த்தால், அக்கோரிக்கை கூலியைவிடச் சிறியதன்று என்பது விளங்கும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தன; பசித்தவன் சோற்றோடு சேர்த்துச் சொல்லையும் கேட்டான் என்பதே இச்சரித்திரத்தில் என் நெஞ்சை நெகிழ்விப்பது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். கிளர்ச்சி பரவவே, சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாகி, இந்தியத் துருப்புகளே வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினர்.

யுத்தத்திற்குப் பிறகு தொழிற்சங்கங்கள் எழுந்தன. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைக்க, அது மலாயாத் தோட்டங்களுக்கும் பரவிற்று. மரத்தடியில் பலகை மேடை போட்டு, காஸ் விளக்கேற்றி நடந்த அத்தகைய கூட்டங்களில், பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டு நின்ற மனிதரே, ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய, அக்கிராசனத்தில் அமர்ந்து, அடுத்துப் பேச வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைத்ததுண்டு.